முள்ளுக்கு வைத்த பெயர்

லிபி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளுக்கு ஓடியே வந்தாள்.

பையில் மூன்று தாள். திருவனந்தபுரத்தில் அவள் பூச்சி ஆய்வு செய்யும் கல்லூரிக்கு, அவள் எழுதிய கட்டுரையின் அச்சுக்கு முந்தைய பிரதி காலையில் வந்திருந்தது. திருத்தம் இருந்தால் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அவள் திருத்த வரவில்லை, காட்ட வந்தாள்.

இரண்டு மழைக்காலம் பொன்முடி மலை ஏறி இறங்கியும் அவளுக்குப் புதிதாக ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. மூன்றாவது வருஷம், கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த முத்தாரம்மாள்தான் கூப்பிட்டு, வேலியோரக் காட்டுச்செடியைக் காட்டினாள். இந்த முள் நடக்கும் என்றாள். வருஷக்கணக்காகப் பார்க்கிறாளாம். சொன்னால் கூட வேலை செய்கிறவர்கள் சிரிக்கிறார்களாம்.

முள் நடந்தது.

அரிசி நீளம்கூட இல்லை. முதுகில் இரண்டு கொம்பு. பக்கத்துக் கிளையில் இன்னொன்று, விரலை நீட்டியும் பறக்காமல் தன் முட்டைகள்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தது. இதுவரை யாரும் எழுதிவைக்காத பூச்சி என்று உறுதிப்பட ஒன்றரை வருஷமானது.

கண்டுபிடித்தவள் பெயரையே வைப்பதென்று லிபி அன்றைக்கே முடிவு செய்திருந்தாள்.

முத்தாரம்மாள் போன மாதம்தான் வேலையிலிருந்து நின்றிருந்தாள். கட்டிலில் உட்கார்ந்து, தாளிலிருந்த பூச்சியின் படத்தை வாங்கிப் பார்த்தாள். படத்தில் பூச்சி உள்ளங்கை பெரிசு. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

பூச்சிக்கு முத்தாரம்மாள் என்று பெயர் வைத்திருந்த இடத்தை லிபி தொட்டுக் காட்டினாள். அச்சாகிவிட்டால் எந்த நாட்டில் யார் இந்தப் பூச்சியைப் பற்றி எழுதினாலும் இந்தப் பேரைத்தான் எழுதியாக வேண்டும் என்றாள்.

சிரிப்பு நின்றது. முத்தாரம்மாள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

“அது எங்க அக்கா பேராக்கும், மோளே.”

நின்றபடியே சொன்னாள். வேலைக்குப் பதினெட்டு வயது வேண்டும். அப்போது அவளுக்குப் பதினைந்து. தோட்டத்துப் பதிவேட்டில் பேர் பதிந்திருந்த அக்கா கல்யாணமாகி நாங்குநேரிக்குப் போய்விட, அந்தப் பேரில் தங்கை மலையேறினாள். பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது. கட்டினவர்கூட அப்படித்தான் கூப்பிட்டாராம்.

லிபி மணி பார்த்தாள். நாலேகால். போனில் சிக்னல் இரண்டு கோடு இருந்தது. சொந்தப் பேர் என்னவென்று கேட்டாள்.

சாத்திய கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

லிபி எழுத்தெழுத்தாகத் தட்டினாள். பெண்ணின் பேர் என்பதால் லத்தீன் முறைப்படி கடைசியில் ஒரு ‘ஏ’ சேர்த்தாள். அனுப்புவதற்குமுன் சரிதானா என்று உரக்க வாசித்தாள்.

“கிருஷ்ணவேணியே.”

கூப்பிட்டதுபோல், கதவருகில் நின்றவளிடமிருந்து சட்டென்று ‘ஓ’ என்று பதில் வந்தது, அந்தப் பேருக்கு நாற்பத்துமூன்று வருஷத்தில் முதல்முறையாக.

பிறகு அவளே கதவைத் திறந்து, வெளியே நின்றவர்களிடம் தன் பேரைச் சொன்னாள்.