பாதகி

மழை மூட்டம் போட்ட ஒரு சாயங்காலம். எறும்புகள் வரிசையாகப் புற்றுக்கு விரைந்துகொண்டிருந்தன. எதிரே வருகிறவளின் மீசையைத் தொட்டு விசாரித்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். யாரும் தொடாதவள் புற்றுக்குள் நுழைய முடியாது. அன்றைக்கு ஒரு சிற்றெறும்பை எவளும் தொடவில்லை.

"பாதகி! தள்ளிப் போ!" என்றார்கள்.

வேலியிலிருந்த அணில் இறங்கி வந்தது. "பாதகின்னா என்னக்கா?"

"பெரும் பாவம் செஞ்சவ. அந்தக் காலத்து வார்த்தை தம்பி, லேசுல யாரையும் சொல்லிட மாட்டோம்" என்றாள் வரிசையில் வந்த ஒருத்தி.

"இவ என்ன செஞ்சா?"

"முன்னாடி போறவளைக் கேளு."

அணில் ஓடிப்போய் முன்னால் போனவளைக் கேட்டது.

"பின்னாடி எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன். வழிய விடு, நனைஞ்சிடுவோம்!"

அணில் திரும்பி வந்து, ஒதுங்கி நின்றவளையே கேட்டது. "நீ என்னம்மா பண்ணின?"

"தெரியலண்ணே. நேத்து நானும் ஒருத்தியை அப்படித்தான் சொன்னேன். அவளும் இப்படித்தான் முழிச்சா."

தூறல் விழுந்தது. புற்று வாசலை மண்ணால் அடைக்கத் தொடங்கினார்கள்.

"ஓடு! கெஞ்சினா விட்டுடுவாங்க" என்று அணில் பதறியது.

"நேத்து முழிச்சவ அந்தச் சருகுக்கு அடியிலதான் இருப்பா" என்று சொல்லிவிட்டு, சிற்றெறும்பு எதிர்ப்பக்கமாக ஓடினாள்.