இருமுகிற ஆம்ப்

கிடார் கடை ஒன்றில் கிடார் ஒலியைப் பெருக்கும் சின்ன, மலிவு விலை ஆம்ப் ஒன்று இருந்தது. சுவிட்சைப் போட்டதும் 'கொர்ர்' என்று இருமியது.

"அதுதான் சார் வார்ம் டோன், கதகதப்பான நாதம்!" என்றான் விற்பனையாளன் ஜெரால்டு, வாங்க வந்தவரிடம்.

ஆம்ப்புக்கே கூச்சமாகப் போய்விட்டது. "யோவ், எனக்கு உள்ளே வயர் லூஸ்யா!" என்று கரகரவென்று கத்தியது.

"கேட்டீங்களா? ராக் மியூசிக்குன்னே பிறந்தது சார்!"

வெறுத்துப்போன ஆம்ப் வாயை மூடிக்கொண்டது. வந்தவர் கிடாரை மீட்டினார். சத்தமே வரவில்லை.

"பாருங்க, பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கே வரமாட்டான்!"

அவர் உடனே பில் போடச் சொன்னார்.

மேல் தட்டிலிருந்த விலையுயர்ந்த ஆம்ப் பொருமியது. "நான் ஒரு நாள்கூடப் பிசிறடித்ததில்லை. என்னைப் பற்றி இவன் ஒரு வார்த்தை சொன்னதில்லையே!"

"நீங்களும் இருமிப் பாருங்கண்ணே" என்றது அட்டைப்பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்த சின்னது.

அடுத்து ஒரு பெண் வந்து அந்த விலையுயர்ந்த ஆம்ப்பில் கிடாரை மாட்டியதும், அது லேசாக, கௌரவமாக, ஒரே ஒரு தடவை இருமியது.

"சனியன், கெட்டுப்போச்சு!" என்று ஜெரால்டு பிளக்கைப் பிடுங்கினான். "இதைக் குடோன்ல தூக்கிப் போடுங்கப்பா! மேடம், நீங்க இப்படி வாங்க. வார்ம் டோன்ல ஒண்ணு காட்டுறேன்."