மாசி டப்பா

"மாட்டுக்கு வைக்கிறதை மனுசிக்கு வைக்கச் சொல்லி அனுப்பிருக்காங்க. நல்ல டாக்டருமாருங்க!"

முருங்கைக்கீரையை உருவியபடி ஜுனைதா மாமி அன்றைய கச்சேரியை ஆரம்பித்தார்.

மருமகள் நஸீஹா, குடல் அழற்சியில் ரத்தமாய்ப் போய், பாதி ஆளாய் மெலிந்தவள். காய்கறிச் சாப்பாட்டில் இந்த நோய் தணியுமா என்று மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சி நடக்கிறது. அதில் இவளும் சேர்ந்திருக்கிறாள். மாத்திரையோடு காய், கீரை, பருப்புதான். மீன், கறி, கருவாடு வாசம்கூடப் படக் கூடாது. இதிலும் கேட்காவிட்டால் ஆபரேஷன்.

மண்டபம் ஊரில், கடலைப் பார்த்த வீட்டில், மீன் இல்லாத சோறு!

"மாசி என்ன மீனா? அது மசாலா சாமான். ஒரு சிட்டிகை போட்டா குடல் கோவிச்சுக்கிருமாக்கும்?" கூடத்திலிருந்து மாமா வாவு முகம்மது குரல் கொடுத்தார். சூரை மீனைக் காயவைத்து இடித்த அந்த மாசித்தூள் தூவாமல் அவருக்குச் சோறு இறங்காது. மூக்குப்பொடி போட்டே மூக்கு மரத்துப்போனாலும், மாசி மணத்தை மட்டும் தெருமுனையிலேயே பிடித்துவிடுவாராம். அவரே சொல்லிக்கொள்வது.

நின்றிருந்த வயிற்றுவலி, போன வாரக் கல்யாணத்திலிருந்து நஸீஹாவுக்கு மறுபடி வந்திருந்தது. அங்கே வெறும் சோறும் கத்தரிக்காயும்தான் தொட்டேன் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். பிறகு ஏன் வலி?

தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனபோது காரணம் கிடைத்துவிட்டது. மாமி மாசி டப்பாவைத் திறந்து, இவளுக்கும் சேர்த்து ஆக்கிய கீரையில் தாராளமாகத் தூவிக்கொண்டிருந்தார்.

அடடா, என்ன பாசம்!

அந்நேரம் பார்த்து போன். ஆராய்ச்சி சிஸ்டர் கவிப்ரியா.

"இந்த வாரம் மீன், கறி ஏதும் சேரலையே நஸீஹா?"

மாமி முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவளுக்கு எங்கிருந்தோ சத்தம் வந்தது.

"சேந்துருச்சு சிஸ்டர். எனக்குத் தெரியாம எங்க மாமி மாசி போட்டு ஆக்குறாங்க. என்னைய ஆபரேஷன்ல படுக்கப் போட்டாத்தான் அவுகளுக்கு நிம்மதி போல!"

மாமி கத்தவில்லை. போனை வாங்கிக் கையால் பொத்தினார். டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து மருமகள் நாக்கில் வைத்தார்.

வறுத்த தேங்காய்.

"உங்க மாமாவுக்கு மட்டும் தனியா ஆக்கினா உனக்கு நாக்கு ஊறாதா? மீன் எங்கன்னாரு, மீன்பிடித் தடைக்காலம்னுட்டேன். மாசிக்கு என்னத்தச் சொல்ல? நீ ஆராய்ச்சியில சேந்த அன்னைக்கே இந்த டப்பாவக் கழுவிட்டேன் புள்ள."

"ஏ ஜுனைதா!" கூடத்திலிருந்து மாமா. "இங்கன வரைக்கும் மணக்குது! இன்னைக்கு மாசி கொஞ்சம் தூக்கலோ?"

"ஆமா, தூக்கல்தான்!" என்று அங்கே சொல்லிவிட்டு, இங்கே குரலைத் தாழ்த்தினார் மாமி. போனை நீட்டினார்.

"இந்தா, சிஸ்டர் காத்திருக்கு. கல்யாணத்துல ஒரே சஹன் தட்டுல சேந்து சாப்பிட உக்காந்தோம்ல, அப்ப எம்பக்கத்துக் கறித்துண்டு ரெண்டு காணாமப் போச்சே, அதையும் மறக்காமச் சொல்லிரு."