கேமரா விட்டுவைத்த கெளுத்திகள்

நிறுவனத்து ஆள், மீனைப் பார்த்து வகை சொல்லும் கேமராவைத் தொட்டி தொட்டியாகக் காட்டிக்கொண்டே நகர்ந்தான். அம்சவேணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. முந்தானையை முறுக்குவதும் விடுவதுமாக நின்றாள்.

வெள்ளை உடலும் தோகை போன்ற நீளத் துடுப்பும் கொண்ட கெளுத்தியை இந்தக் கொளத்தூர் வீட்டில்தான் அவள் கணவன் எத்திராஜ் உருவாக்கினான். இப்போது அந்த வகை அந்த நிறுவனத்தின் பெயரில் பதிவாகிவிட்டது. இனி வேறு யாரும் அதை வளர்க்கக் கூடாது.

வெள்ளை மீன்கள் அத்தனையும் பைக்குள் போயின. கடைசித் தொட்டியில் அவற்றின் குஞ்சுகள் இருந்தன. தாய் பழுப்பு என்பதால் எல்லாமே பழுப்பு.

“பழுப்பு நிறம், நீளத் துடுப்பு. யார் பெயரிலும் பதிவாகவில்லை,” என்றது கேமரா.

எத்திராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அது எப்பிடி சார்? இதுங்களும் அந்த வெள்ளைக்குப் பொறந்ததுதான். ரத்தத்துல...”

அம்சவேணி அவன் காலை நறுக்கென்று மிதித்தாள். “ராவெல்லாம் தூங்கல சார், உளர்றாரு.”

வந்தவன் சிரித்துக்கொண்டே பைகளோடு போய்விட்டான். அவள் ஓடிப்போய்க் கதவைத் தாழிட்டாள்.

“ஐயே, அந்த வாய வச்சுக்கினு சும்மா இருக்க மாட்டியா? இதுங்கள்ல ஒரு ஜோடிய சேர்த்தா வெள்ளைக் குஞ்சும் வரும்னு நீதானே சொன்ன?”

எத்திராஜின் முகம் மலர்ந்தது. சட்டென்று வலையை எடுத்தவன், தொட்டியருகே போய்த் தயங்கினான்.

“வந்தாலும் யாருக்கும் காட்ட முடியாதே, அம்சா.”

“எனக்குக் காட்டு,” என்றாள் அவள்.