நவச்சாரமும் சுண்ணாம்பும்

கும்மிடிப்பூண்டியில் இரும்புக்குத் துத்தநாகம் பூசும் தொழிற்சாலை. போன வாரம் புகையில் மயங்கி விழுந்த சோனியாவை "நடிக்கிறா" என்று சொல்லி வேலையைவிட்டு அனுப்பிய மேலாளர் பத்மநாபன், தொழிலாளர் ஆய்வாளர் அதைப்பற்றிக் கேட்ட மாத்திரத்தில் சுழல்நாற்காலியில் மயங்கிச் சரிகிறார். சரிவதற்கு முன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் பத்திரமாக வைத்திருக்கிறார். சன்னல் வெயிலில் இமைகள் துடிக்கின்றன. அங்கேயே கூட்டிப் பெருக்கும் ரோசம்மாள், சோனியாவின் அம்மா, பூச்சு வேலைக்கான மூட்டையிலிருந்து ஒரு பிடி நவச்சார உப்பை அள்ளி வருகிறாள். சுருக்குப்பையிலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து அதோடு உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கிறாள். மயக்கம் தெளிவிக்க அவள் தெருவில் எல்லோரும் செய்கிற வைத்தியம். உப்புக்குள் வாசனையே இல்லாமல் அடங்கிக் கிடந்த அம்மோனியம், சுண்ணாம்பு பட்டதும் அம்மோனியாவாகச் சீறிக் கிளம்புகிறது. குவித்த கையை மேலாளரின் மூக்கடியில் வைக்கிறாள்.

மூடிய கண்களிலிருந்து தண்ணீர் வழிகிறது. மூச்சை அடக்கிய முகம் கத்திரிப்பூ நிறமாகிறது. "பாவம்க்கா, சாருக்கு இன்னும் தெளியல. நல்லா கிட்ட வச்சிக்கினு நில்லு," என்கிறான் வாசலில் நிற்கும் பூச்சுத் தொழிலாளி ஜெயராஜ். ஆய்வாளர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

"எம்பொண்ணு நாளைக்கு வேலைக்கு வரலாமா சார்?"

மேலாளர் வேகவேகமாகத் தலையாட்டுகிறார்.

"மயக்கத்துல தல ஆட்னா இன்னா சார் அர்த்தம்? வாயத் தொறந்து சொல்லு."

சொல்வதற்கு மூச்சு இழுத்தாக வேண்டும். ரோசம்மாள் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்துகிறாள்.