சொல்லும் இசையும்: சில்வெஸ்டர்

அந்தப் பெண் மூன்றாவது முறையாகவும் முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தாள். கை தட்டவில்லை, கால் ஆட்டவில்லை. சில்வெஸ்டர் 'பனிச் சால்வை'யைப் பாடியபோது மட்டும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டாள்.

இசைக் கம்பனி அனுப்பிய ஆள்தான் என்று சில்வெஸ்டர் முடிவே கட்டிவிட்டார். கௌபாய்த் தொப்பிக்குள் தலை வியர்த்தது.

டோர்ட்மண்டில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை அமெரிக்கக் கிராமிய இசையான கன்ட்ரியை ஜேர்மன் மொழியில் பாடுவதைப் பியர் விழாக்களில் பதினைந்து வருடம் வேடிக்கை பார்த்தார்களே தவிர, காது கொடுத்துக் கேட்டவர் இல்லை. மூன்று வருடத்துக்கு முன் 'பனிச் சால்வை' வந்தது. ஒரே பாட்டில் வானொலி, தொலைக்காட்சி, ஐயாயிரம் பேர் கூடிய மைதானம். அதன் பிறகு போட்ட இரண்டு இசைத்தொகுப்புகளும் மண்ணைக் கவ்வின. இந்தப் பெண்ணும் கையை விரித்தால் மறுபடி பியர் விழாதான்.

ஞாயிறு மத்தியான நிகழ்ச்சி முடிந்ததும் மண்டபக்காரர் நீட்டிய பியரை வேண்டாமென்றார். வீட்டுக்கு அவர்தான் கார் ஓட்ட வேண்டும். மனைவி றீற்றா ஸ்டியரிங்கைத் தொட்டு நாலு வருடமாகிறது. அவள் மூலையில் விற்காத சீடிகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

பெண் நேரே மேடைக்குப் பின்னால் வந்தாள். "வணக்கம் அண்ணை. நான் பிருந்தா."

தமிழ்ப் பெண். சில்வெஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"அந்தச் சால்வைப் பாட்டு நீங்கள் எழுதினதோ?"

"ஓம். ஒவ்வொரு சொல்லும் என்ரை. கன்ட்ரி எண்டால் பாடுறவன் தன்ரை கதையைத்தான் பாடவேணும்." எந்த மேடையிலும் அவர் சொல்லத் தவறாத வசனம் இது.

"பனியிலை ஒருத்தன் விழுந்து கிடக்கிறான். சால்வையை அவன்ரை நாடிக்குக் கீழாலை குடுத்து உச்சந்தலையிலை முடிச்சுப் போடுறியள். ஏன் அண்ணை அப்பிடி?"

"எங்கட வழக்கம்தானே பிள்ளை. செத்தவரின்ரை வாய் திறந்து கிடக்கக் கூடாது. ஜேர்மன்காரர் அதைக் கவிதை எண்டு நினைக்கினம்." சில்வெஸ்டர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் காட்டினாள். பொலிஸ் அட்டை.

"நாலு வருசத்துக்கு முதல், விடியப்புறம் பேப்பர் போடுற ஒருத்தரை ஆரோ காராலை அடிச்சுப்போட்டுப் போயிட்டினம். அவரின்ரை வாயையும் இப்பிடித்தான் சால்வையாலை கட்டி இருந்தது. அந்த விசயத்தை நாங்கள் வெளியிலை விடேல்லை. என்னோடை வேலை செய்யிறவைக்கு அது என்ன கட்டெண்டே விளங்கேல்லை. எனக்கு விளங்கினது."

சில்வெஸ்டர் ஓரடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு ஒண்டும் தெரியாது. எல்லாம் கற்பனை."

"இன்னுமொண்டு அண்ணை. கட்டேக்கை அந்தாளுக்கு உயிர் இருந்திருக்கு. கையும் அசைக்க ஏலாமல், வாய் கட்டின படியாலை ஆரையும் கூப்பிடவும் ஏலாமல் ரெண்டு மணித்தியாலம் கிடந்துதான் செத்தவர்."

மூலையில் சீடி அடுக்கும் சத்தம் நின்றது.

சில்வெஸ்டருக்குச் சொல்ல ஒன்று இருந்தது. சொன்னால் இந்த நிமிடமே தப்பிவிடலாம். ஆனால், அத்தனை வருடம் பட்ட பாட்டில் சம்பாதித்த பெயரை விட மனம் வரவில்லை.

"எங்களோடை வரவேணும் அண்ணை," என்றாள் பிருந்தா.

அவர் தொப்பியைக் கழற்றினார். அதற்குள் றீற்றா எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். "அந்த மனிசன் அப்ப சாகேல்லையோ?" என்று கேட்டாள். "சாகேல்லை," என்றாள் பிருந்தா.

றீற்றா இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"இவரை விடுங்கோ பிள்ளை. இவருக்கு ஒரு வரியும் எழுத வராது."