துண்டின் வாழ்த்து

பேச்சிழந்து படுத்திருக்கும் நாகலிங்கத்தின் தொண்டை நடுக்கத்தைப் பதினாறு மடங்கு பெருக்கி, அவருடைய குரலாகவே ஒலிக்கிறது கருவி. பழுது பார்க்கப் போன நான் கருவியின் கழுத்துப் பட்டையைக் கழற்றி ஈரத்துண்டின் மேல் வைத்தேன்.

"நல்லா இருங்க" என்றது துண்டு.

"சார், இரைச்சலும் கூடவே பதினாறு மடங்காயிடுது. இத்தனை நாள் பேசுனது உங்கப்பா இல்ல" என்றேன் மகன் கதிரேசனிடம்.

இடிந்துபோவார் என்று நினைத்தேன். முகம் தெளிந்தது.

"அப்ப துண்டே போதும். பொண்ணு மாப்பிள்ளை ஆசீர்வாதம் வாங்க வர்ற நேரம். அப்பாவப் பின்னாடி ரூமுக்குத் தள்ளிடலாம், ஒரே மூத்திர வாடை."

கட்டிலைத் தள்ள நானும் கைகொடுத்தேன். கூடத்தில் மணமக்கள் நாற்காலியிலிருந்த துண்டின் முன் விழுந்து கும்பிட்டார்கள். பட்டை நழுவாமல் அதன் மேல் பொருத்தி வைத்ததும் நான்தான்.

பின்னறையில் கிழவரின் வெறுங்கழுத்து விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது.